அசெம்பிளி லைன் கைக்கருவி: வரைபடத்தில் இருக்கும்போதே கைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது எப்படி?

இரத்மலானையிலோ பியகமவிலோ ஒரு தொழிற்சாலையின் பொறியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தால், சில மாதங்களுக்குள் இந்த வேலை உங்கள் மேசைக்கு வந்துவிடும். புது மொடல் வருகிறது, புது லைன் போடுகிறார்கள், அதற்குக் கைக்கருவி வேண்டும். குறடு, வெட்டி, ஸ்குரூ டிரைவர், கைநெம்பு பிரஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். விற்பனைக்காரர் கட்டலொக்கோடு வருவார். அதில் பாதிக் கருவிகளுக்குக் கீழே ‘எர்கோனொமிக்’, அதாவது உடலுக்கு ஒத்துவருவது, என்று போட்டிருக்கும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தனியாக எடுத்துப் பார்த்து ஒரு கருவியை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கைத்துப்பாக்கி வடிவப் பிடியுள்ள டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை உயரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் திருகாணி போட அது அருமையானது, மணிக்கட்டு நேராகவே இருக்கும். அதே டிரைவரால் மேசையில் படுத்திருக்கும் பெட்டிக்கு மேலிருந்து திருகாணி போடச் சொன்னால் முழங்கை தோள் வரை எழும்பும், மணிக்கட்டு மடியும். அங்கே நேர்ப்பிடி டிரைவர்தான் சரி. கருவி ஒன்றுதான், வேலைப்பொருள் திரும்பியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. அதனால் நீங்கள் மதிப்பிடுவது கருவி, கை, வேலைப்பொருள், மேசை நான்கும் சேர்ந்த ஒன்றை. மேசையை வெல்டிங் செய்து, ஜிக்கை (வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் தாங்கியை) போல்ட் போட்டு இறுக்கி, கருவியையும் வாங்கிய பிறகு இந்த நான்கில் மாற்ற எஞ்சியிருப்பது கை மட்டும்தான், அதை மாற்ற முடியாது. டிசைன் கட்டத்திலேயே இதைச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

முதலில் பெருக்கிப் பாருங்கள்

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு. இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: வயர் முனையில் டெர்மினல் (உலோக இணைப்பு முனை) அழுத்தும் கிரிம்பிங் குறடு. ஒரு யூனிட்டுக்கு 40 செக்கன், அதில் 3 அழுத்தல். மணித்தியாலத்துக்கு 90 யூனிட், 270 அழுத்தல். ஏழரை மணித்தியால ஷிப்டில் 2,025. மாதக் கடைசியில் ஷிப்மென்ட் நெருக்கி இரண்டு மணித்தியாலம் ஓவர்டைம் போனால் 2,565.

கட்டலொக்கைப் பார்த்து “ஒரு தடவை அமத்திப் பாத்தன், லேசாத்தான் இருக்கு” என்று சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். ஒரு தடவை லேசாக இருப்பது எந்தக் கருவிக்கும் பெருமை அல்ல.

இந்தக் கணக்கிலேயே சில தெரிவுகள் அடிபட்டுப் போகும். அதே 40 செக்கனில் கையால் திருகும் டிரைவரால் நான்கு திருகாணி போட வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முழுச் சுற்று என்றால், கையால் அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும் என்பதால், யூனிட்டுக்கு 48 தடவை முன்கை திரும்புகிறது. மற்ற வேலைகளுக்குப் பாதி நேரம் போனால் செக்கனுக்கு இரண்டு தடவைக்கு மேல். அங்கே பிடியின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதே வீண், மின் டிரைவர் கேட்டு எழுதுங்கள்.

30 செக்கனுக்குக் குறைந்த சுழற்சி, அல்லது சுழற்சியின் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான அசைவு: இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் பழைய வழக்கம். அப்படியானால் கீழே வரும் எதையும் தவிர்க்க வேண்டாம்.

யாருடைய கை?

இங்கே இறக்குமதியாகும் கருவிகளில் பெரும்பாலானவை இலங்கைக் கையை மனதில் வைத்து வரைந்தவை அல்ல. இலங்கைத் தொழிலாளரின் உடலளவுகளை மற்ற நாட்டவரோடு ஒப்பிட்டு, அது இறக்குமதிப் பொருட்களின் பாவனையை எப்படிப் பாதிக்கிறது என்று 1980களிலேயே ஜோன் அபேசேகரவும் ஹூஷாங் ஷாநவாஸும் எழுதியிருக்கிறார்கள். அதோடு எங்கள் லைன்களில், ஆடைத் தொழிற்சாலை என்றால் சொல்லவே வேண்டாம், பெரும்பாலும் பெண்கள். கருவியைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் அதைப் பிடித்துப் பார்ப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

வழமையான விதி இது: எட்ட வேண்டிய, சுற்றிப் பிடிக்க வேண்டிய அளவுகளுக்கு மிகச் சிறிய கைகளை (நூறு பெண்களில் ஐந்தாவது சிறிய கை) வைத்துக் கணக்கிடுங்கள். கை உள்ளே நுழைய வேண்டிய இடைவெளிகளுக்கு மிகப் பெரிய ஆண் கையை எடுங்கள். சராசரிக் கைக்கு வரைந்தால் பாதிப் பேருக்கு எட்டாது.

உங்கள் தொழிற்சாலையின் அளவுகளை நீங்களே எடுக்கலாம். முப்பது பேர் போதும், தேநீர் இடைவேளைகளில் முடிந்துவிடும். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை கையின் நீளம், பெருவிரல் நீங்கலாக விரல் மூட்டுகளின் குறுக்கே அகலம், இரண்டையும் உருக்கு அடிமட்டத்தால் எடுங்கள். மூன்றாவதாகப் பிடி விட்டம். இதற்கு லேத்தில் கடைந்த அல்லது 3டி பிரின்ட் எடுத்த ஒரு கூம்பு வேண்டும், மேலே 20 மில்லிமீற்றர், கீழே 70, பக்கத்தில் விட்டம் குறித்த கோடுகள். பெருவிரலும் நடுவிரலும் தொட்டபடி வளையம் போல அதைச் சுற்றிப் பிடித்து, கையைக் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். விரல்கள் பிரியத் தொடங்கும் இடத்தில் உள்ள கோடுதான் அவருடைய பிடி விட்டம். ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது, யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, லைன் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார்கள்.

இடக்கைக்காரரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அப்படி இருப்பார். பூட்டு நெம்பு வலது பெருவிரலுக்கு மட்டும் எட்டும் குறடு, வலக்கைக்கு மட்டும் சாணை பிடித்த கத்தரி எல்லாம் அவரைத்தான் படுத்தும்.

காகிதத்தில் பார்க்கும் அளவுகள்

மாதிரி செய்வதற்கு முன் வரைபடத்தில் சரிபார்க்க வேண்டிய எண்கள் சில உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமும் கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டியில் உள்ளவை இவை.

பலம் கொடுக்கும் ஒற்றைப் பிடி 32 முதல் 51 மில்லிமீற்றர் விட்டம். நுண்வேலைக்கான பிடி 6 முதல் 13. குறடு மாதிரி இரட்டைப் பிடியென்றால், பலம் கொடுக்கும் வேலைக்கு மூடியிருக்கும்போது இடைவெளி 51க்குக் குறையக்கூடாது, திறந்திருக்கும்போது 89ஐத் தாண்டக்கூடாது. நுண்வேலைக் குறட்டுக்கு மூடினால் 25, திறந்தால் 76. பிடியின் நீளம் கையின் மிக அகலமான இடத்தைவிடக் கூடுதலாக, வழமையாக 100 முதல் 150 வரை.

அந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. பிடி குட்டையாக இருந்தால் அதன் அடிமுனை உள்ளங்கையின் நடுவில் வந்து நிற்கும். அமத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த முனை அங்கேயுள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் குத்தும். பிடியின் முனை உள்ளங்கைக்கு வெளியே வந்து முடிய வேண்டும்.

மேலேயுள்ளவை அமெரிக்க எண்கள் என்பதால் மேல் எல்லையை நெருங்கிப் போகாதீர்கள். உங்கள் கூம்பு அளவுகள் என்ன சொல்கின்றனவோ அதற்கே முன்னுரிமை. கிளவுஸ் போட்டுச் செய்யும் வேலையென்றால் கிளவுஸோடு அளந்து பாருங்கள். துணி தடித்தால் இடைவெளி மாறும், பிடிபலமும் குறையும்.

விரல்களுக்கென்று பள்ளம் வைத்த பிடிகள் பார்க்க அழகாக இருக்கும். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல்களுக்கு வெட்டியவை. மற்றவர்களுக்கு மேடுகள் விரலுக்கு நடுவில் ஏறி நிற்கும். நான் அவற்றை எப்போதும் விலக்கிவிடுவேன். ஒரு விரல் மட்டும் இழுக்கும் விசையையும் (டிரிக்கர்) அப்படியே. இரண்டு மூன்று விரல் சேர்ந்து அழுத்தக்கூடிய பட்டை விசை இருந்தால் அதைக் கேளுங்கள்.

மேற்பரப்பு எங்கள் ஊருக்கு முக்கியம். கொழும்பின் புழுக்கத்தில், குளிரூட்டி இல்லாத தளத்தில் மதியத்துக்கு மேல் எல்லோர் கையும் வியர்த்திருக்கும். குரோம் பூசிய வழுவழுப்பான பிடி வழுக்கும், வழுக்கினால் கை தானாகவே இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வேலைக்குத் தேவைப்படாத அந்த மேலதிக இறுக்கமும் தசைக்குக் கணக்குத்தான். சற்று அமுங்கும், வியர்வையில் வழுக்காத உறை கேளுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு நல்லது, கூரான கோடுகள் வேண்டாம்.

பாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு கையால் தூக்கிப் பயன்படுத்தும் கருவி 2.3 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. நாள் முழுக்க என்றால் அதில் பாதி அளவில் நிறுத்தப் பாருங்கள். பாரத்தைவிட அதன் மையம் எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயம். தலைப்பாரமான கருவி ஒரு கிலோவாக இருந்தாலும் மணிக்கட்டை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கருவி எப்போதும் ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறது என்றால் மேலே ஸ்பிரிங் பேலன்சரில் தொங்கவிடுங்கள், பாரப் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

மாதிரி செய்யுங்கள், அழகாக வேண்டாம்

புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருவுக்குப் போனால் தேவையான எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்: பிவிசி குழாய்த் துண்டுகள், மரக்கம்பு, ரப்பர் உறை, இன்சுலேஷன் டேப், ஈயத் துண்டு. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவியை மாற்றியமைக்கப் போகிறீர்கள் என்றால் பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று வாங்கி அறுத்து ஒட்டிப் பாருங்கள். 3டி பிரின்ட் வசதி இருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிரின்ட் எடுத்த அழகான மாதிரியைக் கண்டால் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். டேப் சுற்றிய மரக்கம்பைப் பார்த்து யாரும் அப்படிப் பேசுவதில்லை, இன்னும் மாற்றலாம் என்று அவர்களுக்கே புரிகிறது.

மாதிரியில் மூன்று விஷயம் நிஜமாக இருக்க வேண்டும்: பிடியின் வடிவம், மொத்த பாரம், பாரத்தின் மையம். குழாய்க்குள் ஈயத்தையோ நட்டுகளையோ போட்டு, விரலில் வைத்துச் சமன் பார்த்து, மையத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பாரம் இல்லாத காட்போட் மாதிரி எட்டுமா, இடிக்குமா என்று பார்க்க உதவும். கை நோகுமா என்பதை அது சொல்லாது.

மேசையையும் ஜிக்கையும்கூடக் காட்போட் பெட்டி அடுக்கிச் செய்யுங்கள். இங்கே பலர் சறுக்கும் இடம் உயரம். நின்று செய்யும் இலகு வேலைக்கு மேசை முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீற்றர் கீழே, நுண்வேலைக்கு முழங்கைக்கு 5 முதல் 10 மேலே என்று புத்தகங்களில் இருக்கும். அவை கை இருக்க வேண்டிய உயரத்துக்காகச் சொன்னவை. மேசைமேல் 12 சென்டிமீற்றர் ஜிக், அதன்மேல் வேலைப்பொருள், அதன்மேல் 20 சென்டிமீற்றர் நீளமான டிரைவர் என்று அடுக்கினால் கை எங்கே போய் நிற்கிறது? மேசையை அளக்காதீர்கள், கையை அளவுங்கள்.

விசையை அளத்தல்

சரி, கிரிம்பிங் குறட்டுக்கு வருவோம். விசையை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குறட்டின் ஒரு பிடியை வைஸில் இறுக்குங்கள். மற்றப் பிடியில் விரல்கள் அமரும் இடத்தின் நடுவில், பயணப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியை மாட்டுங்கள். நிஜ வயரையும் டெர்மினலையும் குறட்டின் வாயில் வைத்து, பிடிக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். பூட்டு விடுபடும் நேரத்தில் தராசு காட்டும் உச்ச எண்தான் தேவைப்படும் விசை. ஐந்தாறு தடவை செய்து உயர்ந்த பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

9 கிலோ வந்தது என்று வைப்போம். லைனில் பலம் குறைந்த பக்கத்தில் உள்ள ஒப்பரேட்டரின் பிடிபலம், பிடிபலமானியில், 25 கிலோ. அதாவது ஒவ்வொரு அழுத்தலும் அவருடைய முழுப் பலத்தில் 36 சதவீதம்.

இதை மூரும் கார்க்கும் 1995இல் தந்த ஸ்ட்ரெயின் இண்டெக்ஸில் (கைக்கு வரும் சிரமத்தை எண்ணாக்கும் முறை) போட்டுப் பார்க்கலாம். கை, மணிக்கட்டு வேலைக்கு இதைவிட வசதியான முறை புதியவர்களுக்கு இல்லை என்பது என் கருத்து. ஆறு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் அட்டவணையிலிருந்து ஒரு பெருக்கி, ஆறையும் பெருக்கினால் விடை. 3 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் பாதுகாப்பு. 7ஐத் தொட்டால் பெரும்பாலும் ஆபத்து. நடுவில் வந்தால் யோசிக்க வேண்டும்.

எங்கள் குறடு: பலத்தில் 36 சதவீதம் ‘கடினம்’ என்ற வகுப்பு, பெருக்கி 6. ஒரு அழுத்தல் 2 செக்கன், மூன்றுக்கு 6, அது 40 செக்கனில் 15 சதவீதம், பெருக்கி 1. நிமிடத்துக்கு நாலரை அழுத்தல், பெருக்கி 1. வயர் மேசையில் படுத்திருப்பதால் மணிக்கட்டு நன்றாக மடிகிறது, பெருக்கி 2. வேகம் சாதாரணம், 1. நாளுக்கு 4 முதல் 8 மணித்தியாலம், 1. பெருக்கினால் 12. ஓவர்டைம் வந்து 8 மணித்தியாலத்தைத் தாண்டினால் கடைசிப் பெருக்கி ஒன்றரையாகி 18.

இனி டிசைனால் என்ன செய்யலாம் என்று பாருங்கள், இந்த வேலையில் சுவாரசியமான இடம் இதுதான்.

முதலாவது, வயரைத் தாங்கும் ஜிக்கைச் சாய்த்து வைத்து மணிக்கட்டை நேராக்குவது. பெருக்கி 2 என்பது 1 ஆகிறது, மொத்தம் 6. ஒரு சாய்வுத் துண்டின் செலவில் பாதி குறைந்துவிட்டது. கருவியைத் தொடவே இல்லை.

இரண்டாவது, எல்லோருக்கும் உடனே தோன்றுவது: பிடியை நீட்டுவது. சுழல் ஆணியிலிருந்து விரல் அமரும் இடம் 120 மில்லிமீற்றராக இருந்ததை 160 ஆக்கினால் விசை முக்கால்வாசியாகக் குறையும். 9 கிலோ 6.75 ஆகும், 27 சதவீதம், ‘ஓரளவு கடினம்’, பெருக்கி 3. மொத்தம் 3க்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட முன் பிடியின் இடைவெளியைப் பாருங்கள். வாய் திறக்கும் கோணம் மாறாததால், பிடி நீண்ட அதே விகிதத்தில் விரலிடத்தில் திறப்பும் கூடும். முன்பு 75 மில்லிமீற்றர் திறந்த குறடு இப்போது 100 திறக்கிறது. 89 எல்லை போயிற்று. சிறிய கைக்காரரின் விரல் நுனிகள்தான் பிடியைத் தொடும், நுனி விரலில் பலம் இல்லை. காகிதத்தில் 27 சதவீதம் என்று தெரிவது அவருக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, ஒரு அழுத்தலை இரண்டாகப் பிரிக்கும் ராட்செட் குறடு. பிடி நீளவில்லை, விசை பாதியாகிறது, 4.5 கிலோ, 18 சதவீதம், பெருக்கி 3. ஆனால் நிமிடத்துக்கு நாலரை அழுத்தல் ஒன்பதாகிவிட்டது, அந்தப் பெருக்கி ஒன்றரை. அழுத்தும் மொத்த நேரம் மாறாமல், மணிக்கட்டும் நேராக இருந்தால் மொத்தம் 4.5. முதலில் இருந்த 12ஐவிட எவ்வளவோ மேல், ஆனாலும் நடுப்பிரதேசம்தான். அரை நாளுக்கு ஆள் மாற்றி, ஒருவருக்கு 4 மணித்தியாலத்துக்குக் குறைவாக வரும்படி செய்தால் ஏறத்தாழ 3.4.

நான்காவது, குறட்டையே மேசையில் பொருத்திக் காலால் மிதிப்பது. கை டெர்மினலை வைப்பதோடு சரி, பெருக்கி 1. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிற்கும் ஆளுக்கு மிதி கொடுத்தால் நாள் முழுக்க ஒற்றைக் காலில் நிற்பார், ஆகவே அமர்ந்து செய்யும்படி மாற்ற வேண்டும். இருக்கை வேண்டும், மேசைக்குக் கீழே முழங்காலுக்கு இடம் வேண்டும். விரல்கள் தாடைக்குள் போகாதபடி மறைப்பும் வேண்டும். கையில் பிடித்த குறட்டில் இல்லாத ஆபத்து அது.

நாளுக்கு இரண்டாயிரம் அழுத்தல் என்றால் நான் நான்காவதற்கே வாதாடுவேன். இருநூறு என்றால் சாய்வு ஜிக்கும் ராட்செட்டும் போதும்.

தோள், கழுத்து, முதுகு எல்லாம் சம்பந்தப்படும் வேலையென்றால் ரூலா முறையையும் (உடல் நிலைக்குப் புள்ளி போடுவது) செய்யுங்கள். மெக்அட்டம்னியும் கோர்லெட்டும் 1993இல் தந்தது, 1 முதல் 7 வரை புள்ளி, 7 வந்தால் உடனே மாற்ற வேண்டும். உடல் நிலையை அது நன்றாகப் பிடிக்கும். பிடியின் விட்டத்தையும் வழுக்கலையும் அது பார்க்காது, அதனால் ரூலாவில் 3 வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி ஒரு கருவியைப் பாஸ் பண்ணாதீர்கள்.

மின் அல்லது காற்று அழுத்தக் கருவி என்றால் அதிர்வையும் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதியில் 8 மணித்தியாலத்துக்குக் கணக்கிட்ட அளவு 2.5 மீற்றர்/செக்கன் வர்க்கத்தைத் தாண்டினால் நடவடிக்கை, 5 என்றால் எல்லை. 5 அளவில் அதிரும் கருவியை இரண்டு மணித்தியாலம் பிடித்தாலே 2.5 ஆகிவிடும்.

ஆளைக் கொண்டு பார்ப்பது

கணக்கு முடிந்ததும் ஆறேழு பேரைத் தெரிவு செய்யுங்கள். கூம்பில் மிகச் சிறிய அளவு வந்த ஒருவர், மிகப் பெரியவர், இடக்கைக்காரர், வயதில் மூத்த ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் கட்டாயம். டிசைன் அறைக்காரர் யாரும் வேண்டாம்.

குளிரூட்டிய கூட்ட அறையில் காலை பத்து மணிக்கு நடத்தும் பரிசோதனை எதையும் சொல்லாது. தளத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிஜ வேகத்தில், ஒருவருக்கு அரை மணித்தியாலமாவது கொடுங்கள். சோதனை நேரத்தால் அவர்களின் டார்கெட் கொடுப்பனவு குறையாது என்பதை முன்கூட்டியே சுப்பர்வைசரிடம் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் எல்லோரும் வேகமாக முடித்துவிட்டு ஓடத்தான் பார்ப்பார்கள்.

போனை இரண்டு இடத்தில் வைத்து வீடியோ எடுங்கள், ஒன்று பக்கத்திலிருந்து, மற்றது மேலிருந்து. விரல் மூட்டு, மணிக்கட்டு, முழங்கை மூன்றிலும் நிற ஸ்டிக்கர் ஒட்டினால், பிறகு கினோவியா மாதிரி இலவச மென்பொருளில் கோணங்களை அளந்துகொள்ளலாம். முகம் தெரியாமல் எடுப்பது நல்லது, அனுமதி கேட்பது கட்டாயம்.

பிறகு கேள்விகள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். தமிழ்ப் பிள்ளை “பரவாயில்லை சேர்” என்பார், சிங்களப் பிள்ளை “ஹொந்தய் சேர்” என்பார், இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊரில் மேலதிகாரியின் முன்னால் ஒரு பொருளை மோசம் என்று சொல்வது எளிதல்ல. ஆகவே எப்போதும் இரண்டு மாதிரிகளைக் கொடுத்து எது லேசு என்று கேளுங்கள். ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றதைக் குறை சொன்னதாகாது, வாய் திறக்கும். முதலில் கொடுக்கும் மாதிரியை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் களைத்த கையில் வரும் இரண்டாவது மாதிரி எப்போதும் தோற்கும்.

சிரமத்தைக் குறிக்க சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய 0 முதல் 10 வரையான அளவுகோலைப் பயன்படுத்துங்கள். தாளில் சிங்களமும் தமிழும் பக்கத்துப் பக்கம் இருக்கட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் முகப்படம் போட்டால் இன்னும் நல்லது. ஒரு மனித உருவப் படத்தில் நோகும் இடத்தைப் பேனையால் தொடச் சொல்லுங்கள். சோதனை முடிந்த உடனும், அடுத்த நாள் காலையும் கேளுங்கள். பெருவிரலின் அடியில் வரும் நோவு பெரும்பாலும் அடுத்த நாள்தான் சொல்லப்படும்.

சுப்பர்வைசரை அந்த நேரத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எழுதி வைப்பது

விற்பனையாளருக்கோ டூல் ரூமுக்கோ போகும் விவரக்குறிப்பில் ‘எர்கோனொமிக் பிடி’ என்று எழுதாதீர்கள், அதற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. எண்ணாக எழுதுங்கள்: திறந்த இடைவெளி அதிகபட்சம் எத்தனை மில்லிமீற்றர், பிடி நீளம் குறைந்தபட்சம் எவ்வளவு, எந்த இடத்தில் அளக்கும்போது அதிகபட்ச விசை எத்தனை கிலோ, இரு கைக்கும் பொதுவாக இருக்க வேண்டுமா, பாரம் எவ்வளவு, மையம் பிடியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள். தராசில் எப்படி அளந்தீர்கள் என்ற படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதே முறையில் அளந்துதான் சரக்கை ஏற்பீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

கட்டாயம் கேட்கப்படும் ஒரு கேள்வி, சட்டம் என்ன சொல்கிறது என்பது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. பிடியின் விட்டத்தையெல்லாம் அதில் தேட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் கொழும்பில் இருக்கிறது, பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அங்கே போகலாம். வெளிநாட்டு வாங்குநர் எண்ணைக் கேட்டால், குறைந்த பாரத்தை அடிக்கடி கையாளும் வேலைக்கான ஐஎஸ்ஓ 11228-3 தரத்தைப் பாருங்கள்.

கருவி லைனுக்குப் போய் ஆறு வாரம் கழித்து ஒரு நடை போங்கள். தாளோடு போக வேண்டாம், பிடிகளை மட்டும் பாருங்கள். எந்தப் பிடியிலாவது துணி சுற்றியிருக்கிறதா, சைக்கிள் டியூப் வெட்டி மாட்டியிருக்கிறதா, டேப் ஒட்டி மொத்தமாக்கியிருக்கிறதா, ஸ்பிரிங்கைக் கழற்றியிருக்கிறதா? கழற்றச் சொல்லி ஏசாமல், எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று வெர்னியரால் அளந்து, பிடித்திருப்பவரின் கூம்பு அளவையும் பக்கத்தில் எழுதி, படத்தோடு வரைபடத்தின் அடுத்த திருத்தத்தில் இணைத்துவிடுங்கள்.